தானே நகரும் வண்டி

ஆடி 14, வெள்ளி.

சேலத்தில் ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. வார நாட்களில் விடுதி, வாரக் கடைசியில் வீடு. நேர்காணலில் பள்ளித் தலைவியான வெள்ளைக்காரத் துரைசானி, ‘ஆட்டோமொபைல்’ என்ற சொல்லைப் பிரித்துப் பொருள் கேட்டார். முன்பாதி கிரேக்கம், ‘தானே’. பின்பாதி லத்தீன், ‘நகர்வது’. தயங்காமல் சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணனிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். ராசிபுரம் தாண்டி ஒரு மேட்டில் பஸ் நின்றுவிட்டது. யுத்தத்தால் பெட்ரோல் பஞ்சம் வந்ததிலிருந்து எல்லாமே பின்னால் அடுப்பு வைத்துக் கரியில் ஓடும் வண்டிகள்தான்.

“ஆம்பளைங்க எல்லாரும் எறங்கித் தள்ளுங்க சாமி” என்றார் கண்டக்டர்.

அண்ணன் சிரித்தார். “தானே நகருதாக்கும்! நீ உக்காரு அம்மிணி.”

நானும் இறங்கித் தள்ளினேன். பஸ் கிளம்பியது. அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வாய் திறந்தார்.

“வாராவாரம் தொணைக்கு வர என்னால ஆவாது. படிப்பை உட்டுரு.”

“நீங்க வர வேண்டாங்ணா. நானே போய்க்கிறேன்.”

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

சோப்புப் போட்டும் உள்ளங்கையில் கரி போகவில்லை. இருக்கட்டும். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் தனியாகத்தான் போகப்போகிறேன். வழியில் நின்றுபோனால், தள்ளவும் எனக்குத் தெரியும்.