லண்டன் பேனரும் பூண்டு வயலும்

கோஹுங், தென்கொரியா
ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நாரேவுக்கு அம்மா எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்டுவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, கொதிக்கவைத்த தண்ணீரையே குடி. இங்கே உன் அப்பா நலம், நானும் நலம்தான், இரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மாத்திரையைக் கூட்டி எழுதிய டாக்டர் வீட்டில் ஏதாவது கவலையா என்று கேட்டார், வீட்டில் இல்லை, லாவோஸில் ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா எங்கிருந்தாலும் ஓடி வந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார், நான் இரண்டு வார்த்தை சத்தமாகப் பேசினால் நீ சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் ஆபீஸ் மிரு ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறாள், திங்கட்கிழமை இது உன் கைக்கு வந்துவிடும். வந்ததும் படி, அப்புறம் பார்க்கலாம் என்று பைக்குள் வைக்காதே. வியாழக்கிழமைக்குள் நீ செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது நாரே. மிருவைத் திட்டாதே, அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. நீ கொடுத்தனுப்பிய காப்பிப்பொடியை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை என் பார்லருக்கு வந்தாள், அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்த பெண்ணைச் சும்மா அனுப்புவதா, உட்காரு முடியை வெட்டிவிடுகிறேன் என்று நாற்காலியில் உட்காரவைத்தேன். பேச்சோடு பேச்சாக, அக்கா மேல்படிப்புக்கு பாங்காக் போயிட்டா எங்க ஆபீஸே வெறிச்சோடிப் போயிடும் அம்மா என்றாள். பாங்காக் இல்லம்மா, லண்டன் என்று நான் திருத்தினேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "லண்டனுக்கு வேண்டாம்னு அக்கா போன மாசமே எழுதிப் போட்டுட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அப்படியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். முப்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிறேன், அந்தப் பெண்ணுக்கு ஒரு பக்கம் குட்டையாகவும் ஒரு பக்கம் நீளமாகவும் வெட்டி அனுப்பியிருக்கிறேன், வந்ததும் பார், சிரிக்காதே.

போன மாதமே எழுதிவிட்டாய் என்றால் மூன்று வாரத்துக்கு முன்னால் எனக்கு போன் போட்டு, எதும்மா நல்லது, லண்டனா பாங்காக்கா என்று கேட்டாயே, அது எதற்கு? நான் மடச்சி மாதிரி யோசித்தேன். முடி சுருட்ட வந்தவர்களில் பிள்ளையை வெளிநாடு அனுப்பியவர் ஒருவர் விடாமல் விசாரித்தேன், மேல்நிலைப்பள்ளி இங்கிலீஷ் வாத்தியாரின் மனைவியிடம் காசு வாங்காமல் சாயம் பூசிவிட்டு அவர் வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். லண்டன்காரர்கள் பாதிக் கட்டணத்துக்குத்தான் உதவித்தொகை தருகிறார்கள், பாங்காக்கில் படிப்பு, அறை, சாப்பாடு, கிராமங்களுக்குப் போய்வரும் செலவு எல்லாவற்றையும் ஏற்கிறார்கள் என்று நீ சொன்னதை ஒரு தாளில் எழுதிவைத்து அவருக்குக் கொடுத்தனுப்பினேன். எல்லாம் முடிந்துபோன சங்கதிக்கு. ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தாயா, அம்மாவையும் கேட்டோம் என்று இருக்கட்டும் என்றா? எனக்கு எப்படி எரிந்தது தெரியுமா. முப்பத்தொரு வயதுப் பெண், நாலு வருஷமாக ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் வசதி செய்து கொடுக்கிறவள், பெற்றவர்களிடம் ஒரு வாக்கியம் நேராகச் சொல்லத் துணிச்சலில்லை.

உன் அப்பாவை நான் தாங்கிப் பேசவில்லை, அந்த மனுஷன் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம். முடிவு வந்த அன்றைக்கு நீ இரண்டு இடத்திலும் தேர்வாகிவிட்டேன் என்றுதான் சொல்ல வந்தாய், அது எனக்குத் தெரியும். லண்டன் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அவர் போனை என் கையில் திணித்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். நீ பாங்காக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அங்கே அவர் தோக்சு மாமாவுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். நம் ஊரில் பிள்ளை ஓர் இடத்தில் தேர்வாகிவிட்டால் அங்கே போகிறது என்றுதான் அர்த்தம், தேர்வான பிறகு போவதா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசிக்கிற கூத்தெல்லாம் இங்கே யார் கண்டார்கள். தோக்சு மாமாவோ அப்பாவின் பள்ளிக்கூடத்து நண்பர்கள் சங்கத்துத் தலைவர், உரக்கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிற ஆள், அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் நான் கடை திறக்கப் போகிறேன், முச்சந்தியில் இரண்டு மின்கம்பத்துக்கும் நடுவே பேனர் தொங்குகிறது. பேக் சங்குக்கின் மகள் நாரே லண்டனில் சர்வதேச வளர்ச்சி மேற்படிப்புக்குத் தேர்வு, வாழ்த்துகள், பள்ளியின் இருபத்தேழாம் பேட்ச் நண்பர்கள். எழுத்து ஒவ்வொன்றும் என் உயரம். உன் பெயருக்குப் பக்கத்தில் ஏதோ கோபுரத்துப் படம் வேறு. போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினாரே, மத்தியானம் முழுக்க நீ சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்ததாக மிரு சொன்னாள்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பேனரைப் பார்த்ததும் எனக்கும் தலைகால் புரியவில்லை. பேனர் கட்டினால் வீட்டுக்காரர் விருந்து வைக்க வேண்டும், உன் அப்பா நண்பர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு ஆட்டுக்கறி விருந்துக்குப் போனார், நான் அரிசிக் கேக் அவித்துத் தெரு முழுக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் வெயிலில் நானும் கடை வாசலில் நின்று அந்தப் பேனரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அதிலிருந்து கடையில் என்னை நாரே அம்மா என்று யாரும் கூப்பிடுவதில்லை, லண்டன் அம்மாதான். மீன்கடைக்கார அம்மா வந்து, பொண்ணு லண்டன் போறான்னு எங்க தலைக்கு விலைய ஏத்திப்புடாத என்கிறாள். இன்னொருத்தி, அவ படிச்சு முடிச்சு ஐ.நா.வுல உக்காந்தா எங்க பையனுக்கு ஒரு வாட்ச்மேன் வேலையாவது வாங்கித் தரச் சொல்லு என்கிறாள். சிரிக்கிறதா அழுகிறதா தெரியாமல் நான் முடிக்கு மருந்து பூசிக்கொண்டிருக்கிறேன். இந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முச்சந்தி வழியாகப் போகாமல் மீன்சந்தையைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போகிறேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

பாங்காக் பேச்சை உன் அப்பாவிடம் நான் ஒரு தடவை மெல்ல எடுத்துப் பார்த்தேன், முழுச் செலவையும் அவர்களே ஏற்கிறார்களாமே என்று. அவர் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "தாய்லாந்துக்கு எங்க சங்கத்தோட டூர் போயி கால் மசாஜ் பண்ணிக்கிட்டுத்தான் வந்தோம், அங்க போயி மேல்படிப்பா? அத பேனர்ல எப்படிப் போடறது?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். படிக்கப் போவது நீயா பேனரா என்று கேட்டேன். நாலு வருஷமாக நீ என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் ஏழைநாட்டுல ஏதோ பண்றா என்று பேச்சை மாற்றுகிற மனுஷன் அவர். இப்போதுதான் முதல் தடவையாக உன்னைப் பற்றி வெளியில் வாய் திறந்து பேசுகிறார், தெரியுமா. அதனால்தான் எனக்குக் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது, இரண்டையும் வைத்துக்கொண்டு எனக்குத்தான் தூக்கம் கெடுகிறது.

இப்போது வியாழக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். பணத்தைப் பற்றி நீ கவலைப்படாதே, அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் உன்னிடம் சொன்னார் இல்லையா, கடலோரத்துப் பூண்டு வயலை மனதில் வைத்துத்தான் சொன்னார். அது உனக்கும் தெரிந்திருக்கிறது, அவர் அப்படிச் சொன்ன அன்றைக்கே நீ லண்டனுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டதாக மிரு சொன்னாள். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அவர் சும்மா சொல்லவில்லை, ஆள் பார்த்துவிட்டார். சியோலிலிருந்து ஒருவர் வந்து, கடலைப் பார்க்கிற மாதிரி வீடு கட்டப் போகிறாராம், வேலியோரமாக நடந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். வியாழக்கிழமை காலையில் தரகர் கடையில் கையெழுத்து. கையெழுத்துப் போட்டு முன்பணம் வாங்கிவிட்டால் அப்புறம் வேண்டாம் என்று பின்வாங்குவது லேசு இல்லை, வாங்கியதைப் போல இரண்டு மடங்கு திருப்பிக் கொடுக்க வேண்டும். போகாத லண்டனுக்காக இந்த மனுஷன் வயலை விற்கப் போகிறார் நாரே. வயலில் பூண்டு முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது, இன்னும் பத்து நாளில் தண்டு பறிக்க வேண்டும்.

நீ சொல்லேன், வீட்டில்தானே இருக்கிறாய் என்று என்னைக் கேட்பாய். நான் சொல்ல முடியாது. அந்த வயல் யார் சம்பாதித்து வாங்கியது என்று உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், அதுவரை நான் சுருட்டிய தலைகளின் காசு அத்தனையும் போட்டு வாங்கியது, முடி சுருட்டும் மருந்தில் என் நகமெல்லாம் மஞ்சளாகி இன்னமும் அப்படியே இருக்கிறது. அவர் விற்கப் போகிறேன் என்றபோது நான் சரி என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன், முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்கே தெரியும், அவரும் பார்த்தார். இப்போது நான் போய் உன் பெண் லண்டன் வேண்டாம் என்று எழுதிவிட்டாள் என்றால் அவர் என்ன நினைப்பார்? வயலுக்கு ஆசைப்பட்டு நான்தான் உன் மனதைக் கலைத்தேன் என்பார். வாய்விட்டுச் சொல்ல மாட்டார், அதுதான் இன்னும் மோசம், சாகிற வரைக்கும் மனதில் வைத்துக்கொண்டு சோறு போடும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பார். அப்பா பேச்சை உனக்கும் உன் பேச்சை அப்பாவுக்கும் சுமந்து சுமந்து எனக்கு அலுத்துவிட்டது. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது மார்க் குறைந்தாலும் அம்மா நீயே சொல்லிடும்மா என்பாய், நானும் சொல்வேன், திட்டை நான் வாங்கிக்கொள்வேன். இந்தத் தடவை மாட்டேன்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும், இதை எழுதாமல் மடித்துவிடலாமா என்று இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்தேன். மிரு அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. வயல் தப்பித்தது என்றுதான் முதலில் தோன்றியது. உன்னைப் பற்றி அதற்கு அப்புறம்தான் நினைத்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும், ஆனால் பெற்ற தாய்க்கு அப்படித் தோன்றிவிட்டது. அதற்கு அப்புறம் வந்த கோபம் எல்லாம், இந்தக் கடிதத்தில் உன்மேல் கொட்டியதெல்லாம், பாதி என்மேல்தான். என் முகத்தைப் பார்க்காமலே, அத்தனை தூரத்தில் இருந்துகொண்டே, இந்த அம்மா இப்படித்தான் நினைப்பாள் என்று கண்டுபிடித்துத்தான் லண்டனை விட்டுவிட்டாயோ என்றும் நினைக்கிறேன். எங்களைப் பார்த்து இரக்கப்பட்டு நீ ஒன்றை விட்டுக்கொடுக்க நாங்கள் ஒன்றும் உன் லாவோஸ் கிராமத்து ஜனங்கள் இல்லை, உன் அப்பா அம்மா.

லண்டனைப் பற்றிச் சொன்னபோது நீ பேர் மட்டும்தான் சொன்னாய். பாங்காக்கைப் பற்றிப் பேசினால் விடாமல் பேசினாய், அங்குள்ள பேராசிரியை நீ இப்போது வேலை செய்யும் அதே கிராமங்களில் அதே கிணறுகளை வைத்தே ஆராயலாம் என்று சொன்னதை, மழைக்காலத்தில் எந்தக் கிணறு கெடுகிறது என்று ஏழு வருஷக் கணக்கு அவரிடம் இருப்பதை, எனக்குப் பாதி புரியவில்லை என்றாலும் உன் குரல் எப்படி இருந்தது என்பது புரிந்தது. அதனால் நீ பாங்காக்கை விரும்பித்தான் எடுத்தாய் என்று நம்ப எனக்கு ஆசையாக இருக்கிறது. எனக்கு அது லாபம் என்பதால்தான் அந்த நம்பிக்கைமேல் எனக்கே சந்தேகம் வருகிறது.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. புதன்கிழமைக்குள் அப்பாவுக்கு நீயே போன் போடு. காலை பத்து மணிக்குப் போடு, அந்நேரம் வயலில் தனியாக இருப்பார், நான் கடையில் இருப்பேன், ஸ்பீக்கரும் கிடையாது, தோக்சு மாமாவும் கிடையாது. பாங்காக் உன் ஆசை என்றால் ஆசை என்றே சொல், உதவித்தொகை நல்லதுப்பா, செலவு மிச்சம்ப்பா என்று சுற்றி வளைக்காதே, காசு என்ற வார்த்தை உன் வாயில் வந்தால் அவர் அன்றைக்கே தரகர் கடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவார். லண்டன்தான் உன் ஆசை, வயலுக்காகத்தான் விட்டாய் என்றால் அதையும் சொல். வேண்டாம் என்று எழுதியதைத் திரும்ப வாங்க முடியுமா என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும், கெஞ்சியாவது கேட்டுப் பார். அப்படியானால் வியாழக்கிழமை அவரோடு நானும் தரகர் கடைக்கு வந்து பக்கத்தில் உட்காருவேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது என் பாடு. பேனரைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் பேசாதே, அது அவர் கட்டியது, அவர் அவிழ்க்கட்டும்.

மிருவிடம் நெத்திலிக் கருவாடும் மிளகாய்ப்பொடியும் கொடுத்திருக்கிறேன், ஆபீஸ் முழுக்க அள்ளிக் கொடுத்துவிடாமல் நீயும் சாப்பிடு. எந்த ஊருக்குப் போனாலும் உடம்பு சுகமாகவும் நல்ல மனுஷர்களுக்கு நடுவிலும் இருக்க வேண்டும், உன் படிப்பு நீ நினைக்கிறபடி நடக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். இன்றைக்கும் சொல்கிறேன், நீ கோழை இல்லை, நீ அப்பாவுக்கு மட்டும்தான் பயப்படுகிறாய், அவரும் உனக்குத்தான் பயப்படுகிறார். வயல் போனால் எனக்கு அழுகை வரும், வயல் தங்கி நீ ஆசைப்பட்டது போனாலும் அழுகை வரும், எப்படியும் அழப்போகிறவள்தான் நான், என் அழுகையைக் கணக்கில் எடுக்காதே. உனக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள் கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா

மறக்காதே, அப்பாவுக்கு போன்: புதன்கிழமைக்குள், காலை பத்து மணி, நம் ஊர் நேரம்.