மூன்றாவது நாற்காலியின் இடது பக்கம்

ஏப்ரல் 2

என் அன்புக் கத்திரிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் போட்டால் ஒரு முறை மணி அடித்ததும் அறுந்துபோகிறது. நீ பிளாக் செய்துவிட்டாய் என்று ரிசப்ஷன் பெண்தான் விளக்கினாள். கடிதத்தை பிளாக் செய்ய முடியாதல்லவா, அதனால்தான் இது. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வராந்தாவில் உன் பக்கத்தில் வந்து நின்றேன். நீ என்னைப் பார்க்காமல் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாய். "வாடி, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம்" என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் என் வக்கீல் கை கொடுக்க வந்துவிட்டார். உன்னை விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

ஆனால் நீயும் யோசித்துப் பார். இத்தனை வருஷம் என் பார்லரில் வேலை செய்தவள், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கறேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய் அடுத்த தெருவிலேயே கடை போட்டாய். எனக்கு அது யார் சொல்லித் தெரிந்தது? தலை நிறைய ஷாம்பூ நுரையோடு படுத்திருந்த ஒரு கஸ்டமர் சொல்லி! என் கை அப்படியே நின்றுவிட்டது. ஆத்திரத்தில் வக்கீலிடம் போனேன். எல்லோரும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் அந்த வரி இருப்பதே அவர் சொல்லித்தான் ஞாபகம் வந்தது. வேலையை விட்டுப் போனால் இரண்டு வருஷத்துக்கு இந்த ஊரில் அதே தொழில் செய்யக் கூடாது. "ஒரு நோட்டீஸ் விட்டா போதும்மா, ஓடி வந்துருவாங்க" என்றார். நீ ஓடி வரவில்லை. நானும் இறங்கி வரவில்லை. கோர்ட் உன் கடைக்குத் தடை போட்டுவிட்டது. கோர்ட் சொன்னதற்கு நான் என்ன செய்ய முடியும், சொல்?

இப்போது என்ன செய்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஒரு வரியாவது எழுது.

உன் அக்கா

ஏப்ரல் 11

உயர்திரு வாதி அவர்களுக்கு,

பிரதிவாதி எழுதிக்கொள்வது. கோர்ட்டில் நமக்கு வைத்த பெயர் அதுதானே, அதையே வைத்துக்கொள்வோம்.

என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். முடிதான் வெட்டுகிறேன். பதறாதீர்கள், உத்தரவை மீறவில்லை. ஊரின் மறுகோடியில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டும் கடை ஒன்று இருக்கிறது, அங்கே சேர்ந்திருக்கிறேன். "மனுஷங்க தலையிலதாம்மா கை வைக்கக் கூடாது, நாய்க்குத் தடை இல்ல" என்று என் வக்கீல் ரொம்ப யோசித்துச் சொன்னார். நல்ல கஸ்டமர்கள். "கொஞ்சம் குட்டையாயிடுச்சே" என்று கண்ணாடியைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. நேற்று ஒன்று கடித்தது, அவ்வளவுதான்.

"எல்லோரும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம்" என்று எழுதியிருந்தீர்கள். நான் சேர்ந்தபோது ஒப்பந்தம் ஏது? ஒருத்தி கஸ்டமர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போன பிறகுதானே அதை அச்சடித்தீர்கள். புதிதாக வந்த பெண்கள் கையெழுத்துப் போடப் பயந்து நின்றார்கள். என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டு, "நீ முதல்ல போடுடி. உன்னப் பாத்துட்டு அதுங்களும் போடும். உனக்கெல்லாம் இது எதுக்கு, சும்மா பேருக்கு" என்றீர்கள். படிக்காமல் போட்டேன். சிரித்துக்கொண்டே போட்டேன். இதை நீதிபதியிடம் சொன்னபோது, "கையெழுத்து உங்களோடதுதானே?" என்று மட்டும் கேட்டார். நீங்கள் எதிரில்தான் இருந்தீர்கள். தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

சொல்லாமல் கடை போட்டது என் தப்புதான். சொன்னால் அழுவீர்கள். நீங்கள் அழுதால் நான் போகமாட்டேன். அதனால் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பிரதிவாதி

ஏப்ரல் 29, செவ்வாய்

என் அன்புக் கத்திரிக்கு,

வாதி என்று நீ கூப்பிட்டதை நான்கு முறை படித்தேன். திட்டியிருந்தால் கூடத் தேவலை.

ஆமாம், குனிந்துகொண்டேன். "உண்மைதாங்கய்யா, நான்தான் போடச் சொன்னேன்" என்று அங்கேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். வக்கீல் முதல் நாளே, "கேட்டா மட்டும் பேசுங்க" என்று சொல்லி வைத்திருந்தார். என்னை யாரும் கேட்கவில்லை. இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டுதான் தூங்கப் போகிறேன். தூக்கம்தான் வருவதில்லை.

உன் மூன்றாவது நாற்காலிக்குப் பின்னால் இப்போது ஒரு புதுப் பெண் நிற்கிறாள். கெட்டிக்காரிதான். ஆனால் உனக்கு இடது கைப் பழக்கம் என்று சீப்பு, கத்திரி வைக்கும் டிராலியை இடது பக்கம் வைத்திருந்தோமே, அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. திரும்பும்போதெல்லாம் அவள் இடுப்பில் இடித்துக்கொள்கிறாள். "மேடம், இதை அந்தப் பக்கம் தள்ளிடட்டுமா?" என்று தினமும் கேட்கிறாள். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்கிறேன். என் தலைமுடி இடுப்பைத் தொடப் போகிறது. பார்லர்காரி தலை இப்படியா இருக்கும் என்று கஸ்டமர்களே கேலி செய்கிறார்கள். வேறு யாரையும் என் தலையில் கை வைக்க விடுவதாக இல்லை.

நேற்று வக்கீல் போன் செய்தார். ஏதோ கோர்ட் விஷயம், அதை விடு. நாய் கடித்த இடத்துக்கு ஊசி போட்டாயா? உனக்கு ஊசி என்றால் பயம், போட்டிருக்கமாட்டாய். தயவுசெய்து போட்டுக்கொள்.

உன் அக்கா

மே 14

அக்கா,

ஊசி போட்டுக்கொண்டேன். நர்ஸ் கையைப் பிடித்து அழுதேன், போதுமா?

டிராலி கதையைப் படித்துவிட்டுச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இனிமேல் வாதி என்று எழுதவில்லை.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். பஞ்சு மூட்டை மாதிரி ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மா வருவார். வக்கீலாம். முந்தாநாள் பேச்சுவாக்கில் என் கதையைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அடப் பாவமே! மேல் கோர்ட்ல போன மாசமே தீர்ப்பு வந்தாச்சும்மா. ஏசி ரிப்பேர் பண்ற ஒருத்தர் மேல அவர் முதலாளி போட்ட கேஸ். வேலைய விட்டுப் போனவங்க பொழப்ப இப்படி ஒரு வரிய வெச்சுத் தடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அதைக் காட்டி அப்பீல் போயிருந்தா உங்க தடையும் போயிருக்கும்" என்றார். கெடு எப்போது என்று கணக்குப் பார்த்தோம். போன வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது. என் வக்கீல் நம் கேஸ் முடிந்த அன்றைக்கே ஃபைலை மூடி வைத்துவிட்டார், அவருக்கு எங்கே இதெல்லாம் தெரியப் போகிறது?

"உங்க முதலாளியம்மா தரப்புல தெரியாம இருந்திருக்காதே" என்று அந்த அம்மா இழுத்தார். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "அவங்க வக்கீலுக்குத் தெரிஞ்சிருக்கலாம். எங்க அக்காவுக்குத் தெரிஞ்சிருந்தா நடந்தே வந்து சொல்லியிருப்பாங்க" என்று அடித்துச் சொன்னேன். நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

சரி, போனது போகட்டும். ஜூன் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உங்கள் தலையை நான்தான் வெட்டுவேன். பணம் வாங்காமல் வெட்டினால் அது தொழிலே இல்லையாம், கேட்டுவிட்டேன்.

உங்கள் கத்திரி

மே 30

என் கத்திரிக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. பதில் எழுதக் கை வரவில்லை.

எனக்குத் தெரியும்டி. போன மாதம் வக்கீல் போன் செய்தது அதற்குத்தான். "மேல் கோர்ட் தீர்ப்பு நமக்கு எதிரா வந்திருக்கு. அப்பீல் கெடு மே ஒன்பதாம் தேதி. அது வரைக்கும் வாயத் திறக்காதீங்க, அப்புறம் அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். மறுநாள் உனக்கு எழுதிய கடிதத்தில் கடைசித் தாளில் இதை எழுதியிருந்தேன். ஒட்டுவதற்கு முன் அந்தத் தாளை மட்டும் எடுத்துக் கிழித்துவிட்டேன். கிழித்துவிட்டு, ஊசி போட்டாயா என்று கேட்டேன்.

பணத்துக்காக இல்லை. நீ ஜெயித்துவிட்டால் திரும்பி வரமாட்டாய். தோற்றவளாகவே இருந்தால், ஒரு நாள் நானே அந்த நாய்க்கடைக்கு வந்து உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரலாம், நீயும் என்னை நல்லவள் என்று நினைப்பாய். இவ்வளவு கேவலமாக யோசித்திருக்கிறேன். எழுதும்போதே கூசுகிறது.

அந்தத் தடை எனக்கு வேண்டாம் என்று கோர்ட்டில் மனு கொடுத்தேன். "ஜெயிச்ச கேஸை யாராவது இப்படித் தூக்கிக் குடுப்பாங்களாம்மா?" என்று வக்கீல் கத்தினார். "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா?" என்று நீதிபதி கேட்டார். இல்லை என்றேன். அது பொய். அந்த அம்மாவிடம் என்னைப் பற்றி நீ சொன்னாயே, அந்த வார்த்தைதான் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது. நேற்று தடையை நீக்கிவிட்டார்கள். நகல் இதனோடு இருக்கிறது. பூட்டைத் திற. பழைய கஸ்டமர் யார் கேட்டாலும் உன் கடைக்கு நானே வழி சொல்கிறேன்.

எட்டாம் தேதி ஞாயிறு பார்லருக்கு விடுமுறைதான். இருந்தாலும் காலையிலிருந்தே திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னை மன்னித்துவிடு.

அக்கா

ஜூன் 15

அக்கா,

நகல் கிடைத்தது. கடையைத் திறந்துவிட்டேன். பூட்டு துருப்பிடித்து, எண்ணெய் விட்டுத்தான் திறக்க முடிந்தது. முதல் நாளே மூன்று பேர் வந்தார்கள். நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று சொன்னார்கள். நன்றி.

சொன்னபடி எட்டாம் தேதி வந்தேன். எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். கண்ணாடி வழியாக நீங்கள் தெரிந்தீர்கள். முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, தோளில் துண்டோடு, மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். சாலையைக் கடக்கக் கால் வரவில்லை. இரண்டு பேருந்தை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறிவிட்டேன்.

நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. வந்து வெட்டியிருப்பேன், வாய் ஓயாமல் பேசியிருப்பேன். சொன்னது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாவிடம் அவ்வளவு அடித்துச் சொன்னேனே அக்கா. கேஸ் போட்டதுகூட ஆறிவிட்டது. இது மட்டும் ஆறமாட்டேன் என்கிறது.

உங்கள் முடியை அந்தப் புதுப் பெண்ணிடம் வெட்டிக்கொள்ளுங்கள். கெட்டிக்காரி என்று எழுதியிருந்தீர்களே. டிராலியையும் வலது பக்கம் மாற்றிவிடுங்கள். பாவம், எத்தனை நாள்தான் இடித்துக்கொள்வாள்.

கத்திரி