சீனியர் எழுந்திருக்கும்வரை

என் செல்ல மகளுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் உன் தம்பியும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகிற யோசனையில் இருக்கிறது. நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் நல்லா இருக்கேம்மா என்றுதான் சொல்வாய். உன் வக்கீல் ஆபீஸில் ஜன்னல் இல்லாத அந்த அறையில் அத்தனை பேர் காதுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு வேறு என்னதான் சொல்ல முடியும், நானும் போனை எடுத்தாலே ஏதாவது தமாஷ் பண்ணித் தொலைக்கிறேன், அதனால்தான் கடிதம். கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் மேஜையில் உட்கார்ந்து, பல்வலிக்காரர்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, ஏதோ மருத்துவக் குறிப்பு எழுதுகிற முகத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. மேல்வீட்டு அக்காவின் குளியலறைத் தண்ணீர் நம் சமையலறைச் சுவரில் இறங்குகிறது என்று சொன்னேனே, அவள் போன வாரம் என்னிடமே வந்து, உங்க பொண்ணு பெரிய வக்கீல் ஆபீஸ்ல இருக்காளே, இந்த மாதிரி தண்ணி ஒழுகினா கீழ்வீட்டுக்காரங்க கேஸ் போட முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்களேன் என்றாள். கீழ்வீட்டுக்காரி நான்தான் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது. நானும் முகத்தை ரொம்ப வருத்தமாக வைத்துக்கொண்டு, கேட்டேன் அக்கா, ஜாமீன்கூடக் கிடைக்காதாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையிலேயே பிளம்பர் வந்துவிட்டார். இப்படி உன் பெயரில் நான் இங்கே ஒரு கிளை அலுவலகமே நடத்துகிறேன், நீ சட்டம் படிப்பதால் இதுவரை பலன் கண்டது நம் சுவர் ஒன்றுதான். உன் அப்பாவோ கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடமெல்லாம் உன் பெருமையைச் சொல்லி, அவர்கள் இவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டப்போய், இரண்டு முறை நடைபாதையில் ஏறிவிட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், அம்மா கமா நான் சாப்பிட்டாச்சு முற்றுப்புள்ளி என்றாயே, நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒருத்தர் ஒப்பந்தத்தை உரக்கப் படிக்க இன்னொருத்தர் அடுத்த பிரதியில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும், கமாவைக்கூட வாயால் சொல்ல வேண்டும், நாள் முழுக்க அதே வேலை என்று நீ விளக்கிய பிறகும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் மண்டையில் ஏறியது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, நான் வந்துடட்டுமாம்மா என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன், வாயேன், வரும்போது ஒரு ஜட்ஜையும் கூட்டிட்டு வா, மேல்வீட்டுக் கேஸை முடிச்சிடலாம் என்றேன். நீயும் எனக்காகச் சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் அறைத்தோழி கூப்பிட்டுப் பேசினாள், அவளைத் திட்டாதே. காய்ச்சலோடு போனாயாம், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி டிப்போவரை போய்விட்டாயாம், கண்டக்டர் எழுப்பியபோது எந்தப் பக்கம்னு கேட்டாயாம், அவர் ஊர்ப் பக்கம் கேட்கிறாய் என்று நினைத்தாராம், நீ கேட்டது ஒப்பந்தத்தின் பக்கத்தை. வேலை சாயங்காலமே முடிந்துவிடுகிறது, ஆனாலும் சீனியர் வக்கீல் எழுந்திருக்காமல் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம், அதனால் படித்த தாளையே எல்லோரும் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள், உன்னோடு வேலை பழகுகிற அந்த ஒட்டடைக்குச்சிப் பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான் என்றும் அவள்தான் சொன்னாள். எனக்கு அதைக் கேட்டுக் கோபம் வரவில்லையடி, வெட்கம்தான் வந்தது. நான் மட்டும் என்ன, கடைசிப் பேஷன்ட் போன பிறகும் டாக்டர் உள்ளே செல்போனில் செஸ் ஆடுகிறார், நான் வெளியே அடுக்கிய கோப்புகளையே மறுபடி அடுக்குகிறேன்.

நீ வா என்று அன்றைக்கே நான் சொல்லாததற்குக் காரணம் உனக்கும் தெரியும். அந்தப் பயிற்சி இடத்தை வாங்கிக் கொடுத்தது நம் டாக்டர், சீனியர் அவருடைய ஹாஸ்டல் சிநேகிதர். வருகிற ஒவ்வொரு பேஷன்டிடமும், இவங்க பொண்ணை நான்தான் சேர்த்துவிட்டேன் என்கிறார், வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறவர்களால் போதும் என்று சொல்லவும் முடியாது. நீ பாதியில் வந்தால் அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்று நீ அங்கே பல்லைக் கடிக்கிறாய், அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நான் இங்கே விழிக்கிறேன்.

சரி, சொல்லிவிடுவோம் என்று நேற்று உள்ளே போனேன். உதவிப் பெண் லீவு, அதனால் எச்சில் உறிஞ்சுகிற குழாயை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் நம் தெரு முனை ஜிம் மாஸ்டர், கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி, ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கிக்கொண்டார். டாக்டர், பொண்ணு ரொம்பக் களைச்சுப்போயிருக்கா என்று ஆரம்பித்தேன், அவ்வளவுதான், அவர் சீனியருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டார். அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா, அடேய், தங்கமான பொண்ணுடா, அந்தப் பசங்க யாரும் வீட்டுக்கே போகமாட்டேங்கறாங்க, அவ்வளவு ஆர்வம், சின்னப் பசங்க உட்கார்ந்திருக்கும்போது நான் எப்படி எழுந்து போறது, சூடா சாப்பிட்டே மாசக்கணக்காச்சு, என் சம்சாரம் திட்டுறா என்கிறார்! நான் குழாயைக் கீழே போடாதது ஜிம் மாஸ்டர் செய்த புண்ணியம். அதோடு விட்டாரா, இவ்வளவு உழைக்கிற பொண்ணை விடமாட்டேன், இன்னும் ஆறு மாசம் நீட்டிக்கப்போறேன், மாசக் கடைசியில கூப்பிட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் ரகசியமா இருக்கட்டும் என்றார். டாக்டர் உன் சார்பில் ரொம்ப சந்தோஷம்டா என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆமாம் கண்ணு, உன்னைப் பெற்றவள், ஒரு கையில் குழாயோடு, ஆட்டிவிட்டேன். மாஸ்டர் மட்டும் பஞ்சு நிறைந்த வாயோடு ங்ஙா என்று ஏதோ சொன்னார், அந்த அறையில் எழுந்த ஒரே ஆட்சேபணை அதுதான்.

ஆக சீனியர் எழுந்திருப்பாரென்று நீங்களும், நீங்கள் எழுந்திருப்பீர்களென்று அவரும், பந்தி முடிந்த பிறகும் காய்ந்த கையோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். இது தெரிந்துவிட்டதால் நாளைக்கே நீ ஜம்மென்று எழுந்து போய்விடலாம் என்று நான் சொல்லமாட்டேன். மற்றவர்கள் உன்னை ஒரு மாதிரி பார்க்கலாம், அவரே, என்ன இந்தப் பொண்ணுக்கு வேகம் குறைஞ்சிடுச்சு என்று நினைக்கலாம், பெரிய மனிதர்கள் தங்களுக்குப் பிடிக்காத வழக்கத்தைக்கூட அடுத்தவர் உடைத்தால் பொறுப்பதில்லை. ஆனால் அவர் கூப்பிட்டுச் சொல்லும்போது நீ மட்டும் என்னைப் போலத் தலையாட்டிவிடாதே. இருக்கப் பிடித்தால், வேலை முடிஞ்சதும் கிளம்பிடுவேன் சார், நீங்களும் கிளம்புங்க என்று சொல்லிவிட்டு இரு. பிடிக்கவில்லையென்றால், டாக்டர்கிட்ட சொன்னீங்க, என்கிட்ட கேக்கலையே என்று சொல்லிவிட்டு வா. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் போதும், ஏன் எதற்கு என்று கேட்கிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டாக்டரை நினைத்துக் கவலைப்படாதே. நேத்து ஆட்டின தலை என்னோடதுதான், பொண்ணோடதில்ல என்று இன்றைக்கு அவரிடம் சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்வார், வேலை போனாலும் போகும். போனா போகட்டும், என் டிரைவிங் ஸ்கூல்ல வந்து உட்காரு என்கிறார் உன் அப்பா, அவர் பக்கத்தில் உட்காருவதைவிட இந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்வதே உயிருக்கு நல்லது என்றும் படுகிறது. தமாஷ் இருக்கட்டும், பயமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் பேஷன்ட் பெயரைத் தவிர வேறெதையும் நான் சத்தமாகச் சொன்னதில்லை.

மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. நினைத்த நேரத்தில் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிற வாழ்வு உனக்கு அமையட்டும், அது அமைய என் ஆயுசில் பாதியைக்கூட எடுத்துக்கொள், மூட்டுவலி இருக்கிற பாதியாகப் பார்த்து எடுத்துக்கொள்.

டாக்டர் உள்ளேயிருந்து அடுத்த ஆளை அனுப்பச் சொல்கிறார். ஒரு நிமிஷம் டாக்டர் என்று சொல்லிவிட்டு, எதிரே இருக்கிற தபால் பெட்டியில் இதை முதலில் போடப்போகிறேன், அவரிடம் பேசுவது அதற்கப்புறம்தான். போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, அதற்காகத்தான்.

உன்
அம்மா