ஆறாம் மாடிக்குப் போகும் வழி

முகல்லா, 3 மார்ச் 1996

அன்புத் தம்பி கராமாவுக்கு ஸலாம்.

நாளை புறப்படுகிறோம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றவர்கள் ஒரே பகலில் வரும் ஷிபாமுக்கு நாங்கள் தங்கித் தங்கித்தான் வருவோம். உன் மச்சானின் இதயத்துக்கு இனி வைத்தியம் இல்லையாம். தான் பிறந்த மண்வீட்டின் ஆறாம் மாடியில் கண்ணை மூட வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்கிறார்.

"ஆறு மாடி எப்படி ஏறுவீங்க?" என்றேன்.

"ஏறிட்டா அப்புறம் இறங்க வேண்டியதில்லையே, முஸ்னா!"

சிரித்துக்கொண்டே அழுதேன். பதினோரு வருஷமாக வீட்டை நீதான் பார்த்துக்கொள்கிறாய். அந்த அறையைப் பெருக்கி வை.

உன் அக்கா,
முஸ்னா

ஷிபாம், 5 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

லாரிக்கார அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவசரமே வேண்டாம். வழியில் தோஆனில் இப்போது தேன் நன்றாக இருக்கும், பத்து நாள் தங்குங்கள். இங்கே ஒரே புழுதி, மச்சானுக்கு ஆகாது.

தம்பி,
கராமா

தோஆன், 8 மார்ச்

கராமாவுக்கு,

தேன் சாப்பிட்டாயிற்று. "உன் தம்பி என்னை வழியிலேயே அடக்கம் பண்ணிடுவான் போல" என்று உன் மச்சான் கேலி செய்கிறார். நான் வீட்டைப் பற்றி எழுதினால் நீ புழுதியைப் பற்றி எழுதுகிறாய். நாளை ஹஜரைன் போகிறோம். உண்மையை அங்கே எழுது.

அக்கா

ஷிபாம், 10 மார்ச்

அக்கா,

வீடு இல்லை.

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சுண்ணாம்பை நாள்கணக்கில் அடித்துக் குழைத்து மொட்டை மாடிக்குப் பூச வேண்டும். போன வருஷம் நான் சிமெண்ட் போட்டுவிட்டேன். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும், மச்சான் மெச்சுவார் என்று நினைத்தேன். சிமெண்ட் விரிசலில் இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மண்சுவர் உள்ளுக்குள்ளேயே கூழாகிவிட்டது. இருபது நாள் முன்பு, நண்பகல் லுஹர் பாங்குக்கு முன், மொத்தமும் இடிந்து இறங்கிவிட்டது. யாருக்கும் காயமில்லை. "சுண்ணாம்பைத் தவிர எதையும் தொடாதே" என்று மச்சான் படித்துப் படித்துச் சொன்னாரே, அக்கா!

என் வீட்டில் வந்து படுக்கட்டும். மெதுவாகச் சொல்லுங்கள்.

பாவி,
கராமா

ஹஜரைன், 12 மார்ச்

கராமா,

மெதுவாகச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. லாரிக்காரர் உன் கடிதத்தை உன் மச்சான் கையிலேயே கொடுத்துவிட்டார். இரண்டு முறை படித்தார்.

"அவனுக்கு அடி கிடி படலையே?" என்றார். பிறகு, "பாவம், நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சிருக்கான்" என்றார்.

"முகல்லாவுக்கே திரும்பிடலாமா?" என்று கேட்டேன்.

"எங்கே இருந்தா என்ன?"

நேற்றிலிருந்து அவருக்கு ஒரு கவளம் இறங்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டின் கீழ் அறையில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். நான் எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லை.

அவர் உன்னை மன்னித்துவிட்டார். அது அவர் குணம். என்னால் முடியவில்லை. இரண்டு மணி நேர வழிதான் என்று கிளம்பி வந்துவிடாதே. அவர் கண்ணை மூடினாலும் ஜனாஸாவுக்கு வராதே.

முஸ்னா