இடுப்பளவுத் தண்ணீர்

நவம்பர் 9

அன்பு மருமகளுக்கு அத்தை எழுதுவது. நீயும் குழந்தையும் மழையில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா?

நேற்று குழந்தையைச் சுற்றிக் காட்டிவிட்டு ஐந்து மணிக்குள் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னவள், எட்டு மணிக்கு வந்தேன். வாசலில் நீ நின்ற கோலத்தைப் பார்த்ததும் எனக்குச் சரியாகப் பேச்சு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடலோர ரோட்டில், பாலத்துக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர். வண்டியெல்லாம் நின்றுவிட்டது. டிரைவர் தம்பி என்ன செய்வான்? என் போனிலும் சார்ஜ் இல்லை.

மற்றபடி உன் மகள் ராணி மாதிரி இருந்தாள். கலங்கரை விளக்கத்தில் மழை என்று ஏற விடவில்லை. கீழேயே நின்று அண்ணாந்து பார்த்து, "மேல லைட் போடறவங்க சாப்பிட எப்ப பாட்டி இறங்குவாங்க?" என்றாள். மீன் காட்சியகத்தில் ஓர் ஆமை. "உன்னை மாதிரியே முறைக்குது பாட்டி" என்றாள், வாயாடி. தகரக் கொட்டகைக் கடையில் பொரித்த மீனுக்கு நான்தான் முள் எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் சுட்ட சோளம். காரம் தாங்காமல் மூக்கு ஒழுகுகிறது, ஆனால் கையிலிருந்து விட மாட்டேன் என்கிறாள். என் மகன் போய் இரண்டு வருஷம். அந்த ஒழுகும் மூக்கில் அவனையே பார்த்தேன்.

28-ம் தேதி உங்களுக்கு விமானம், வெளிநாட்டிலேயே இருக்கப் போகிறீர்கள். அதற்கு முன்னால், வருகிற ஞாயிறும் அவளை என்னோடு அனுப்பு. நான் யாரிடமும் கெஞ்சிப் பழகியவள் இல்லை. இதைக் கெஞ்சல் என்று எடுத்துக்கொள்ளாதே.

அத்தை

---

நவம்பர் 12

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் பேத்தி நான்கு நாளாக என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

ஏன் லேட் என்று கேட்டால், "ரோட்ல இடுப்பளவு தண்ணி" என்கிறாள். "யாரு இடுப்பு?" என்று கேட்டேன். முழித்தாள். பிறகு அழுதாள். ஏழு வயது, அத்தை.

நேற்று டிரைவர் வந்து, காரில் விட்டுப்போன குடையைக் கொடுத்தார். அந்த ரோட்டில் கணுக்கால் நனையவும் தண்ணீர் இல்லையாம். மேற்கொண்டு கேட்டதற்கு, "அதை பாட்டிம்மாகிட்டயே கேளுங்க" என்று நழுவிவிட்டார்.

நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். வராத பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது என் மனது எங்கெல்லாம் போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவளைப் பொய் சொல்ல வைத்தது யார்? அது தெரியாமல் அனுப்ப மாட்டேன்.

மருமகள்

---

நவம்பர் 14

அம்மாடி,

நலம் விசாரிக்கிற யோக்கியதை இன்று எனக்கு இல்லை. ஐந்தாவதோடு நின்றவள்தான் நான். ஆனாலும் இதை ஆள் வைத்து எழுத மாட்டேன்.

ரோட்டில் தண்ணீரே இல்லை. பாலத்தில் திரும்ப வேண்டிய இடத்தில் நேரே போகச் சொன்னது நான். அப்படியே போனால் என் தங்கை வீடு. பையில் குழந்தைக்கு ஆறு கவுன் வைத்திருந்தேன், எல்லாம் நான் தைத்தது. விமானம் போகிறவரை அங்கே ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். போனை அணைத்ததும் நான்தான். புத்தி கெட்டவள் என்பாய். பெற்ற பிள்ளையையும் பறிகொடுத்து, இவளையும் அனுப்பிவிட்டு, அந்தத் தையல் மிஷினோடு நான் என்ன பேசிக்கொண்டிருப்பேன், சொல்.

"பாட்டிம்மா, வீடு அந்தப் பக்கமில்ல?" என்றான் டிரைவர்.

"எனக்கே வழி சொல்றியா? நேரா விடுப்பா."

ஒன்றரை மணி நேரம் குழந்தை வாயே திறக்கவில்லை. மழை அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு என் முந்தானையை இழுத்து, காதோடு சொன்னாள்: "அம்மா திட்டுவாங்கன்னு பயமா பாட்டி? ரோட்ல இடுப்பளவு தண்ணின்னு சொல்லிடலாம். நானும் அதையே சொல்றேன். உன்னை மாட்டிவிட மாட்டேன்."

என்னைக் காப்பாற்ற ஒரு பொய்யை யோசித்துக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறாள். "திருப்புப்பா வண்டியை" என்று கத்தினேன். அவன் நல்லவன், ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதாவது திருந்தினேனா? உன் வாசலில் உன்னைப் பார்த்ததும் அவள் சொன்ன அதே பொய்யை அவள் முன்னாலேயே சொன்னேன். அன்றைக்கு நான் செய்ததிலேயே அதுதான் கேவலம்.

ஞாயிறு வேண்டாம். நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று செய். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு அவள் விமானம் ஏறக் கூடாது. பாட்டி எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிட்டாள், நீ யாரையும் காப்பாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடு. பிள்ளைத் திருடி என்று என்னைச் சொன்னாலும் சொல். கெஞ்சுகிறேன்.

அத்தை

---

நவம்பர் 19

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே என் மடியில் ஏறிக்கொண்டாள். "அப்போ பாட்டி மாட்டிக்கிட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அடிச்சிடாதம்மா" என்றாள். அன்றைக்குத்தான் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் அனுப்ப மாட்டேன். விமான நிலையத்துக்கும் வராதீர்கள். இன்றைக்கும் தெருவில் ஒரு கார் நின்றால் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். அது எப்போது போகும் என்று எனக்குத் தெரியவில்லை.

போய்ச் சேர்ந்ததும் முகவரி அனுப்புகிறேன். அவள் பெயருக்கே எழுதுங்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், பெரிது பெரிதாக எழுதுங்கள். உறையை நான் பிரிக்க மாட்டேன்.

உங்கள் மருமகள்