ரத்தம் கொடுக்கும் வரை

என் சின்னவளே,

"ரொட்டி தின்னா அக்காவுக்கு மாதிரியே எனக்கும் வயிறு பலூனாட்டம் உப்புதும்மா" என்று நீ போனில் சிரித்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பேச்சை மாற்றியது நான்தான்.

வாய்ப்புண் வருகிறதா? முடி கொட்டுகிறதா? படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசி மூச்சு வரைக்கும் ரத்தம் குறைவு என்றே மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் சட்டைகளை யாருக்கும் கொடுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

இன்று நர்சம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"கோதுமை ஒத்துக்காம இருக்கலாம். கூடப்பிறந்தவங்களுக்கும் வரலாம். உடனே ரத்தம் கொடுத்து டெஸ்ட் பண்ணிப் பாக்கச் சொல்லுங்க."

"இன்னைக்கே ரொட்டிய நிறுத்தச் சொல்லிடுறேன்."

"ஐயோ, நிறுத்திட்டா ரத்தத்துல தெரியாதும்மா! டாக்டர் சொல்ற வரைக்கும் எப்பவும்போல சாப்பிடட்டும்."

போனில் சொன்னால் மறுபடியும் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால் நீ வேலை செய்யும் ரொட்டிக்கடையின் வேன்காரத் தம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. அக்காவுக்கு என்ன ஆனது என்பதையும் மறைக்காமல் சொல்.

போகும்முன் ரொட்டி தின்றுவிட்டுப் போ, கண்ணு. பெற்றவள் எழுதுகிற எழுத்தா இது? ஆனாலும் தின்னு.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
அம்மா