இந்தப் பிரசவத்துக்காவது வா

மகளே,

கடலலை ஊருக்குள் ஏறிய மார்கழியில்தான் கேளம்பாக்கம் பிளாட்டில் சின்னவனைப் பெற்றாய். "இன்னா மாமா, தலைப்பிரசவத்துக்குத்தான தாய்வூடு? உங்க மாட்டுக் கொட்டாயில கிருமி கீது" என்றார் மாப்பிள்ளை. பெரியவள் விஷாகா அந்தக் கொட்டகையோரம் தூளியில் வளர்ந்தவள். ஒருநாளும் மூச்சு வாங்கியதில்லை.

சின்னவன் இழுப்போடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டரம்மா சொன்னது மறக்கவில்லை. "பொறந்ததுலேர்ந்து கொட்டாய்க் கிருமியோட பழகுனா சில புள்ளைங்களுக்கு தூசு பட்டா நெஞ்சு அடைக்காது, பெரியவரே. இழுப்பு வந்த புள்ளைய மட்டும் அங்க இட்டுகினு போவாத."

"அப்ப நான் மாட்ட பாக்கவே கூடாதா தாத்தா?" என்றான் சின்னவன்.

அவன் வந்து தங்கட்டுமென்று மாடுகளை விற்றேன், கொட்டகையைக் கழுவினேன். போன ஆடியில், அவன் வருவதற்குள், இன்னொரு இழுப்பில் எல்லாம் முடிந்துபோனது.

இப்போது உனக்கு ஏழாம் மாதம். கன்றோடு ஒரு பசு வாங்கிக் கட்டியிருக்கிறேன். கொட்டகைக் கிருமி பிறக்கும் பிள்ளையை நிச்சயம் காப்பாற்றும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். மாப்பிள்ளை கோபித்தாலும் இந்தப் பிரசவத்துக்கு இங்கே வா. பெரியவளையும் கூட்டிவா. நீ பெற்றதில் மிச்சமிருப்பது விஷாகா ஒருத்திதான்.

கைநாட்டுடன்,
உன் நைனா